குழப்படியா, கவனக்குறைபாடா?

"குழப்படிகாரன்" என எம்மவர் சூட்டும் பெயரின் பின்னால் வைத்தியக் காரணமும் இருக்கக்கூடும். 1902இல் லண்டன் ரோயல் வைத்தியர் கல்லூரியில் உரையாற்றிய சிறுவர் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்ரில், அறிவிற் குறையாதிருந்தும் கவனம் நிலைக்காத பிள்ளைகளை விபரித்தார். அவர் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே கொண்டார். பிரம்பை நம்பும் எம் பெற்றோர் சிலர் இன்னும் அங்கேயே நிற்கின்றனர். மூளை வளர்ச்சியும் பரம்பரையுமே பெருங்காரணிகள் எனப் பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும், போரச்சம் நீங்காத பிள்ளையும் ஆங்கிலம் விளங்காத பிள்ளையும் வகுப்பில் அவ்வாறே தோன்றலாம். ஆதலால் வீடு, பாடசாலை இரண்டிலும் குறிகள் உளவா என நிபுணர் ஆராய்வார். 2018ஆம் ஆண்டின் நைஸ் நிறுவன வழிகாட்டி, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முதலிற் பெற்றோர் பயிற்சியையே கூறுகிறது. மேற்பட்டோருக்குச் சூழல் மாற்றம் போதாவிடின் மாத்திரை. வைத்தியரிடம் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காது, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்.