கடல் கடந்து போகும் பார்சல்: அனுப்புநரின் உரிமையும் பொறுப்பும்

வெளிநாட்டுக்குப் போகும் கடிதமோ பார்சலோ, கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்கிய பிறகும் அனுப்பியவருக்கே சொந்தம். பெறுநர் கையில் சேரும் வரை அந்த உடைமை மாறுவதில்லை. ஏதாவது ஒரு நாட்டின் சட்டப்படி அது பறிமுதலானால் மட்டுமே உரிமை அற்றுப்போகிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்பு இது. இந்தியா 1876 முதல் உறுப்பினர். இன்று 192 நாடுகள் இதில் உள்ளன. பொருள் வழியில் இருக்கும்போதே முகவரியைத் திருத்தவோ அதைத் திருப்பி அழைக்கவோ அனுப்புநர் கேட்கலாம் என்பதும் இந்த உடைமையிலிருந்து வரும் உரிமைதான். போகும் நாட்டின் சட்டம் இடம் கொடுக்க வேண்டும், அதற்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும், அவ்வளவே. அதே உடன்படிக்கையின்படி, பார்வையற்றோருக்கான பிரெய்லி நூல்கள் 7 கிலோ வரை அஞ்சல் கட்டணம் இல்லாமலே வெளிநாடு போகலாம்; வான்வழிக்கான கூடுதல் கட்டணம் மட்டும் வரக்கூடும். இந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டிய பல குடும்பங்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது.

உடைமை அனுப்புநருடையது என்பதால் பொறுப்பும் அவருடையதே. மூடி சரியாக இறுகாத ஊறுகாய் பாட்டில் உடைந்து எண்ணெய் கசிந்து மற்றவர்களின் பார்சல்களைக் கெடுத்தாலோ, தடை செய்யப்பட்ட பொருளால் அஞ்சல் ஊழியர் காயமடைந்தாலோ, அந்த இழப்புக்கு அனுப்புநர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது.

எந்தச் சேவையில் அனுப்புவது என்பதை உள்ளே இருப்பது என்ன என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். வெறும் காகிதமென்றால் 2 கிலோ வரை கடிதப் பிரிவில் போகும். பொருளென்றால் இ.எம்.எஸ் எனப்படும் பன்னாட்டு ஸ்பீட் போஸ்ட், விமானப் பார்சல், எடை குறைந்த பொட்டலங்களுக்கான பன்னாட்டு டிராக்டு பாக்கெட் ஆகியவை உண்டு. சான்றிதழ், வழக்கறிஞர் அறிவிப்பு, அதிகாரப் பத்திரம் போன்றவற்றைக் கண்காணிப்பு எண் இல்லாத சாதாரணக் கடிதமாக அனுப்பவே கூடாது. அது தொலைந்தால் அனுப்பியதற்கே ஆதாரம் இருக்காது. தேடச் சொல்லும் உரிமையும் இழப்பீடும் அங்கேயே முடிந்துவிடும்.

முகவரி ஆங்கில எழுத்தில், கடைசி வரியில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில், அஞ்சல் குறியீடு, பெறுநரின் தொலைபேசி எண் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். அதே முகவரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போட்டுவைத்தால், மேலுறை கிழிந்தாலும் பொருள் அநாதையாகாது. பெட்டியை வீட்டிலேயே முழுக்க ஒட்டிக்கொண்டு வராமல் இருப்பது நல்லது. உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லவும் அடையாள அட்டை நகல் கேட்கவும் கவுண்டர் ஊழியருக்கு அதிகாரம் உண்டு. அந்த அடையாள அட்டையின் கனத்தைப் பலர் உணர்வதில்லை. 'எனக்கு ஆதார் கையில் இல்லை, உங்கள் பெயரில் போட்டுவிடுங்கள்' என்று அறிமுகமில்லாதவரோ அரைகுறையாகத் தெரிந்தவரோ நீட்டும் பொட்டலத்தை ஏற்பது பேராபத்து. அதற்குள் போதைப்பொருள் இருந்தால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதலில் விசாரிக்கப்படுபவர் படிவத்தில் பெயர் உள்ளவர்தான். ஜாமீனே எளிதில் கிடைக்காத சட்டம் அது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சுங்க அறிவிப்புப் படிவம். குறைந்த மதிப்புள்ள பொருளுக்கு சி.என்.22, அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பார்சலுக்கும் சி.என்.23. வரிசையில் நின்று அலுத்தவர்கள் அவசரமாக நிரப்பும் இந்தத் தாள்தான் பார்சலின் சட்டபூர்வமான வாக்குமூலம். இதில் உள்ள விவரம் இப்போது மின்தரவாக மாறி, பொருளுக்கு முன்னதாகவே அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போய்விடுகிறது. 2021 ஜனவரி முதல் பொருள் அடங்கிய எல்லா அஞ்சலுக்கும் இது உலகளாவிய விதி. ஆகவே 'துணி', 'சாப்பாட்டுப் பொருள்', 'கிஃப்ட்' என்று மொட்டையாக எழுதினால் ஐரோப்பிய நாடுகள் பொருளை ஏற்றும் முன்பே நிறுத்திவிடலாம். 'பருத்திச் சேலை 2, பருப்புப் பொடி 500 கிராம், எவர்சில்வர் டம்ளர் 4' என்று ஒவ்வொன்றாக, எடையோடும் மதிப்போடும் எழுதுவதே சரி.

மதிப்பைக் குறைத்துக் காட்டுவது பரவலான பழக்கம். எட்டாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையை ஐந்நூறு ரூபாய் என்று எழுதினால் அங்கே வரி குறையும் என்ற கணக்கு. அது கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமோ பறிமுதலோ வரும். கண்டுபிடிக்கப்படாமல் வழியில் தொலைந்தாலும் ஐந்நூறுக்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது. பொய் அறிவிப்பு செய்தவருக்கு இழப்பீடே மறுக்கப்படலாம். அந்தப் படிவத்திலேயே இன்னொரு கட்டமும் உண்டு: பெறுநரிடம் சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிட்டதாகக் கொள்வதா என்பது. பார்சல் திரும்பி வந்தால் அந்தச் செலவை அனுப்புநரே ஏற்க வேண்டிவரும். மலிவான பொருளென்றால் கைவிடச் சொல்வது லாபம். தாத்தாவின் கையெழுத்துப் பிரதி என்றால் எவ்வளவு செலவானாலும் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வீட்டில் முடிவு செய்துகொண்டு வருவது நல்லது.

தடை செய்யப்பட்ட பொருள்கள் மூன்று வகை. எந்த நாட்டுக்கும் அஞ்சலில் போகக் கூடாதவை: வெடிபொருள், தீப்பெட்டி, வாசனைத் திரவியம், நகச்சாயம், ஸ்பிரே டப்பா போன்ற எளிதில் தீப்பற்றுபவை, போதைப்பொருள். பணத்தாள், நாணயம், தங்கம் ஆகியவற்றைக் காப்பீடு இல்லாத உறையில் வைக்கவே கூடாது. மொய்ப் பணத்தைக் கடிதத்தில் மடித்து வைப்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் புறம்பானது.

இரண்டாம் வகை, இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாதவை. செம்மரக் கட்டை, மயில் தோகை, யானைத் தந்தம் ஆகியவை இதில் சேரும். நூறு ஆண்டு பழமையான சிலை, ஓவியம், நாணயம் போன்றவற்றையும், 75 ஆண்டு கடந்த மதிப்புவாய்ந்த சுவடிகளையும் தனியார் வெளிநாடு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பரம்பரையாக வீட்டில் இருக்கும் ஓலைச்சுவடியை அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பழமையானது போலத் தோன்றும் புதிய வெண்கலச் சிலைக்கு, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்று இணைப்பதே பாதுகாப்பு.

மூன்றாம் வகைதான் அதிகம் பேரைச் சிக்க வைக்கிறது: இங்கே மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைப்பவை, அங்கே குற்றமாகிவிடுபவை. கசகசா அதற்குக் கொடிய உதாரணம். குருமாவுக்கு அரைக்கும் அந்தச் சிறு விதை ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. மசாலாப் பொட்டலத்தோடு ஒரு பிடி கசகசா போனால்கூடப் பெறுநர் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் இலையில் வாழ்வதே காரணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, பால், இறைச்சி, தாவரப் பொருள் எல்லாவற்றிலும் மிகக் கடுமை. மருந்தென்றால் மருத்துவரின் சீட்டும் கடை பில்லும் கூடவே போக வேண்டும்; டிரமடால், கோடீன் கலந்த வலி நிவாரணியும் இருமல் மருந்தும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதால் அவற்றை அனுப்பாமல் இருப்பதே நல்லது. வீட்டில் செய்த முறுக்கு, அதிரசம் போன்றவற்றை ஒருவர் மற்றொருவருக்கு அன்பளிப்பாக அனுப்பும்போது அமெரிக்க உணவுத் துறைக்கு முன்னறிவிப்பு தர வேண்டியதில்லை. கடையில் வாங்கியதற்கு அந்த விலக்கு கிடையாது.

'கிஃப்ட் என்று எழுதிவிட்டால் வரி கிடையாது' என்பது முழு உண்மை அல்ல. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையும் பிரிட்டனில் 39 பவுண்டு வரையும் வரிவிலக்கு உண்டு. அதைத் தாண்டினால் பெறுநர் வரியோடு அஞ்சல் துறையின் கையாளும் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அமெரிக்காவின் கதை வேறு. 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த வரிவிலக்கை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற தெளிவில்லாததால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கச் சேவையை நிறுத்திவைத்தது. அனுப்ப முடியாமல் நின்ற பார்சல்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் அறிவித்தது. அக்டோபர் 15 அன்று சேவை மீண்டபோது, அமெரிக்க வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் முறை வந்தது. அந்த வரிவிகிதம் அரசியலோடு சேர்ந்து மாறுவது. எனவே அனுப்பும் நாளில் கவுண்டரில் கேட்டு, கட்டிய வரி ரசீதில் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்காக அனுப்பும் சிறு வணிகர்களுக்கு அன்பளிப்பு வழி பொருந்தாது. ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்று, டாக் நிர்யாத் கேந்திரா எனப்படும் அஞ்சல் ஏற்றுமதி மையம் வழியாக மின்னணு ஏற்றுமதிச் சீட்டுடன் அனுப்புவதே முறை.

ரசீதில் உள்ள, எழுத்தும் இலக்கமுமாகப் பதின்மூன்று இடங்கள் கொண்ட எண்ணைப் பெறுநருக்கும் அன்றே அனுப்பிவிட வேண்டும். 'இ' எழுத்தில் தொடங்கினால் இ.எம்.எஸ், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல். இந்தியாவை விட்டுப் போனபின் அதே எண்ணை அந்த நாட்டு அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டால் மேல்விவரம் தெரியும். பல சமயம் பொருள் தொலைந்திருக்காது. வரி கட்டச் சொல்லிப் பெறுநருக்கு அனுப்பிய அறிவிப்பு கவனிக்கப்படாமல் கிடக்கும்.

உண்மையிலேயே காணவில்லை என்றால் காலம்தான் முதல் எதிரி. அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோர வேண்டும். தாண்டினால் உரிமை போய்விடும். விசாரணையைத் தொடங்கும் முதல் உரிமை அனுப்புநருக்கு என்பதால் இந்தியாவில் இருப்பவர்தான் அதைக் கேட்க வேண்டும். எந்த அஞ்சலகத்திலும், துறையின் இணையதளத்திலும், 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம். பதிவு எண்ணைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

இழப்பீடு எவ்வளவு என்பதில் மிகையான நம்பிக்கை வேண்டாம். எஸ்.டி.ஆர் என்ற பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் அது அளவிடப்படுகிறது. உலக அஞ்சல் விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு, பதிவுத் தபாலுக்கு 30 எஸ்.டி.ஆர், பார்சலுக்கு 40 எஸ்.டி.ஆரோடு கிலோவுக்கு 4.50. ஐந்து கிலோ பார்சலுக்கு அதிகபட்சம் 62.5 எஸ்.டி.ஆர், சுமார் ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய். உள்ளே முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டு இருந்தாலும் அவ்வளவுதான். தாமதத்தால் நழுவிய வேலைவாய்ப்பு, தப்பிப்போன திருமண முகூர்த்தம் போன்ற மறைமுக இழப்புகள் கணக்கில் வராது. மதிப்புள்ள பொருளுக்கு, அந்த நாட்டுக்குக் காப்பீட்டு வசதி உண்டா என்று அனுப்பும்போதே கேட்பது அதனால்தான் அவசியம்.

பதில் வராவிட்டால் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் முறையிடலாம். அவ்வப்போது நடக்கும் அஞ்சல் குறைதீர்ப்பு அதாலத்திலும், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்திலும் மனு தரலாம். பொருளை யார் எந்தத் தேதியில் கையாண்டார்கள் என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். நுகர்வோர் ஆணையமும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும் துறைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் துறை பொறுப்பல்ல. ஊழியர் வேண்டுமென்றோ மோசடியாகவோ இழப்பை உண்டாக்கியிருந்தால்தான் அவர் பொறுப்பு. குடிமக்களின் பொருளைக் கையாளும் அரசுத் துறைக்கு இவ்வளவு விரிந்த கேடயம் நியாயமல்ல. ஆனாலும் சட்டம் இதுதான் என்பதை அறிந்தே வழக்கில் இறங்க வேண்டும்.

தனியார் கூரியரில் அனுப்பினால் இந்தக் கேடயம் இல்லை, ஒப்பந்தம் இருக்கிறது. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சான நிபந்தனைகளே அந்த ஒப்பந்தம். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் சேராததால் இழப்படைந்த பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் டி.எச்.எல் மீது தொடுத்த வழக்கில், கையெழுத்திட்ட ரசீதில் உள்ள வரம்பே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்த வரம்பு 100 டாலர். ஊருக்கு ஊர் கிலோ கணக்கில் பார்சல் வாங்கும் முகவர்களிடம் கொடுக்கும்போது, உண்மையில் கொண்டுசெல்லும் நிறுவனம் எது, தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்காமல் நகரக் கூடாது.

பார்சலின் பெயரால் நடக்கும் மோசடிகள் இன்னொரு பக்கம். 'முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் திருத்துங்கள்' என்று அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தி, வங்கி அட்டை விவரத்தைக் கறக்கும் வலை. வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசு டெல்லி சுங்கத்தில் நிற்கிறது என்று தனிநபர் கணக்கில் பணம் கேட்பதும் பொய். தபாலில் வரும் பொருளுக்கான சுங்க வரியை ஒப்படைக்கும்போது ரசீது தந்து வாங்குவதே அஞ்சல் துறையின் வழக்கம். 'நீங்கள் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் சிக்கியது' என்று வீடியோ அழைப்பில் காவல் சீருடையில் மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருப்பதாகச் சொல்வார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன் பெயரில் உண்மையில் பார்சல் போயிருந்தால் ரசீது எண்ணோடு அஞ்சலகத்தில் நேரில் விசாரிக்க வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் வெட்கத்தில் மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் தெரிந்தால் அந்தப் பணத்தை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு தன் வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.