எண்ணைப் பார்த்து ஊசி போடுவோம்

சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு இன்சுலின் ஊசி தேவை.

இன்சுலின் என்றால் என்ன? அது உடலில் கணையம் என்ற உறுப்பில் சுரக்கும் பொருள். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்த அது உதவுகிறது. அது சுரக்காவிட்டால் வெளியிலிருந்து செலுத்த வேண்டும்.

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அதைச் செலுத்தினார்கள். சாகும் நிலையில் இருந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இந்த ஊசியைத் தினமும் போட வேண்டும். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? அதனால் நோயாளிகள் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அதற்கேற்ப ஊசி மெல்லியதாக இருக்கிறது. அளவுக் கோடுகளும் போடப்பட்டுள்ளன.

இரண்டு வகை மருந்து

பாலை லிட்டரில் அளக்கிறோம். துணியை மீட்டரில் அளக்கிறோம். இன்சுலினை யூனிட்டில் அளக்கிறார்கள்.

இந்தியாவில் இரண்டு வகை இன்சுலின் பாட்டில்கள் கிடைக்கின்றன. ஒன்றில் 1 மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். மற்றொன்றில் 1 மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். டம்ளர் ஒன்றுதான். ஒன்றில் நீர்த்த காபி, மற்றொன்றில் திக்கான டிகாஷன். அதுபோலத்தான் இதுவும்.

மருந்து இரண்டு வகை என்பதால் சிரிஞ்சும் இரண்டு வகை. 40 வகைச் சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். 100 வகைச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம்.

மாற்றிப் போட்டால்?

டாக்டர் 20 யூனிட் போடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

40 வகை மருந்தை 100 வகைச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட்தான். சர்க்கரை குறையாது.

100 வகை மருந்தை 40 வகைச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 50 யூனிட். இது மிகவும் ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், தலை சுற்றும். மயக்கமும் வரலாம். உயிரே போகலாம்.

நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இரண்டிலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாட்டிலில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் 40, 100 என்ற எண்களை யாரும் படிக்கலாம். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணையும் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு முறை, வீட்டில் போடும்போது ஒரு முறை பார்ப்பது நல்லது.

பேனா ஊசி

பேனா போன்ற ஊசியும் உண்டு. இது 1985-இல் டென்மார்க் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இதில் பிடியைத் திருகினால் சிறு கண்ணாடியில் எண் தெரியும். 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். 20 வேண்டுமானால் 20 வரும் வரை திருக வேண்டும். கண் பார்வை மங்கியவர்களுக்கு இந்தச் சத்தம் உதவியாக இருக்கும். ஆனாலும் எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. பேனாவில் உள்ள மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கக் கூடாது.

ஒருவரின் ஊசியையோ பேனாவையோ இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. இரத்தம் மூலம் நோய் பரவும். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியக் கூடாது. கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட வேண்டும்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. பாட்டிலில் 40 என்று இருக்கிறது. எந்த நிற மூடிச் சிரிஞ்சு வேண்டும்?
2. உங்கள் தெருவில் இன்சுலின் போடுபவர் இருக்கிறாரா? அவருக்கு எழுத்து தெரியாவிட்டால், எண்ணைப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?