பேச முடியாதவரின் பேச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் நம் நினைவுக்கு வருவன பொறிகளே: இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் மானிட்டர், மூச்சூட்டும் வென்டிலேட்டர். செவிலியர் கல்வி பயிலும் நானும் அவற்றைக் கற்கத்தான் அங்கே சென்றேன்.

ஆனால் அப்பிரிவு பிறந்த கதை வேறு. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, பலர் மூச்சுவிட இயலாமல் மடிந்தனர். ப்யோர்ன் இப்சன் என்ற மருத்துவர், மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சூட்டும் வழி கண்டார். அமுக்கியவர் யார்? நம்மைப் போன்ற மாணவர்களே! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முறை வைத்து இரவும் பகலும் அமுக்கினர். 1953-இல் இப்சன் அமைத்த பிரிவே இன்றைய பிரிவுகளுக்கு முன்னோடி. பொறிக்கு முன் அங்கே இருந்தது மனிதக் கை.

இன்று அந்தக் கைக்கு வேலை குறைந்துவிட்டதா? இல்லை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, பேச முடியாதவரின் பேச்சைக் கேட்பது. வாய்வழிச் செல்லும் மூச்சுக் குழாய் குரல் நாண்களுக்கு இடையே கிடப்பதால் ஒலி எழும்பாது.

டெல்லியில் நான் பயிற்சி பெற்ற மருத்துவமனையில் ஒரு முதியவர் இரவெல்லாம் குழாயைப் பிடுங்க முயன்றார். பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து; கைகளைக் கட்டினோம். நோயின் வேகத்தாலும் உறக்கமின்மையாலும் அங்கே பலருக்குச் சித்தம் கலங்குவதுண்டு. அவ்வாறே நானும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

காலையில் வந்த மூத்த செவிலி கட்டை அவிழ்த்துக் கையைப் பற்றிக்கொண்டு, "பாபாஜி, என்ன வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார், எழுதுபலகையை நீட்டினார். நடுங்கும் விரல் இரண்டு வட்டங்கள் வரைந்தது. எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். முதியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு அவர் கை குழாயை நாடவில்லை. மானிட்டரின் எண்களோ இரவு முழுவதும் சரியாகவே இருந்தன!

நான்காம் நாள் அவர் காலமானார். உடலைத் துடைக்கும்போதும், "பாபாஜி, திருப்புகிறோம்" என்று சொல்லிவிட்டே மூத்த செவிலி திருப்பினார். கண்ணாடியை அவர் மகனிடம் கொடுத்தவள் நான்.

நண்பர்களே, நம்மவர் எவரேனும் இவ்வூரில் அப்பிரிவில் சேர்க்கப்பட்டால் கண்ணாடியை மறவாமல் கொடுத்தனுப்புங்கள். தண்ணீர், வலி, அம்மா போன்ற சொற்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய சீட்டொன்றும் உடன் வையுங்கள். அவர் சுட்டும் சொல் எதுவென்று செவிலிக்குத் தெரியட்டும்.