மதுரை மல்லி: வீட்டுத் தோட்டத்தில் ஓராண்டு

மதுரை நகரிலும் திருப்பரங்குன்றம், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி எனச் சுற்றிலும் விரியும் சமவெளியிலும் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ மொட்டைமாடித் தொட்டியிலோ வளர்க்கப்படும் பூச்செடிகளுள் முதலிடம் மதுரை மல்லி எனப்படும் குண்டுமல்லிக்கே உரியது. தாவரவியலில் யாஸ்மினம் சம்பக் எனப்படும் இச்செடியை 1753இல் லின்னேயஸ் பவழமல்லியின் பேரினமான நிக்டாந்தஸில் சேர்த்தார். 1789இல் வில்லியம் ஐட்டன் அதை மல்லிகைப் பேரினத்துக்கு மாற்றினார். பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதே பூவைத் தன் தேசிய மலராக அறிவித்தது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது விளையும் இடத்தோடு பிணைந்தவை எனச் சட்டப்படி ஏற்கும் புவிசார் குறியீடு, மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்தது. இத்தனை பெயர் பெற்ற செடியாயினும், நிலத்தில் தழைப்பது வீட்டுக்கு வந்ததும் இலையாய் மண்டிப் பூக்காமல் நிற்கிறது என்ற குறை தெருதோறும் கேட்கப்படுகிறது. செடி எந்தக் கிளையில், எந்தப் பருவத்தில் அரும்பு கட்டுகிறது என்பதை அறிந்தால் இக்குறையின் பெரும்பகுதி தீரும்.

குண்டுமல்லி முற்றிய பழங்கிளையில் நேரடியாகப் பூப்பதில்லை; அப்பருவத்தில் விடும் புதுத்தளிரின் நுனியிலும் இலைக்கக்கங்களிலும்தான் அரும்புகள் தோன்றுகின்றன. அவை பெரும்பாலும் மும்மூன்றாக ஒரு கொத்தாய் அமைவதும், நடு மொட்டு முதலில் பருத்து விரிய, பக்கத்து மொட்டுகள் பின்தொடர்வதும் வழக்கம். நன்கு திரண்டு வெளுத்த மொட்டு மாலையில் கட்டவிழத் தொடங்கி இரவில் முழுதாய் விரிவதால், சந்தைக்கானாலும் தலையில் சூடுவதற்கானாலும் அன்று விரியவிருக்கும் மொட்டுகளை விடியற்காலையிலேயே பறித்துவிடுகின்றனர். பென்சைல் அசிட்டேட், லினலூல் முதலிய மணப்பொருள்கள் மொட்டு விரியும்போது மிகுதியாக உருவாகி வெளியேறுவதால், காலையில் மணமின்றி இருந்த சரம் மாலையில் வீடெங்கும் மணக்கிறது. வெண்ணிறமும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளை ஈர்க்கும் பண்புகளே. ஆயினும் இச்செடி காய்த்து விதை தருவது மிக அரிது என்பதால், அது பதியம் அல்லது குச்சி வழியாகவே பெருக்கப்படுகிறது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலத்தில் வேர்பிடிக்கவைத்த நாற்றுகளே பல மாவட்டத்துத் தோட்டங்களுக்கும் செல்கின்றன.

பங்குனி தொட்டுப் புரட்டாசி வரை, அதாவது மார்ச்சு முதல் செப்டம்பர் வரை, பூ மிகுந்து வரும். பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டும் கோடையில் வேர்ப்பகுதியில் ஈரம் குறையாதிருந்தால் செடி சளைக்காது பூக்கும். குளிரும் பனியும் கூடிய மார்கழி, தை மாதங்களில் தளிர்ப்பு தளர்வதால் பூ அருகிவிடுகிறது. பொங்கலையொட்டி மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லி விலை பல மடங்காக ஏறுவதற்குக் காரணம் இதுவே. இந்த ஓய்வுக்காலத்தைப் பயன்படுத்தி நவம்பர் இறுதியில் செடியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுவதைக் கவாத்து என்பர். காய்ந்த, நோயுற்ற, உட்புறம் நெருங்கிய கிளைகளையும் அப்போதே நீக்கித் தொழுவுரம் இட்டால், எழும் தளிர்கள் பங்குனிக்குள் அரும்பு கட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ இருக்கும்போது வெட்ட மனம் வராமல் விடப்படும் செடி, அடுத்த கோடையில் நீண்ட கொடியாய் ஓடி, பூவைக் குறைத்துவிடுகிறது. நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்திலும் இலை மிகுமேயன்றிப் பூ மிகாது.

அடுத்த இடர் மண்ணிலும் நீரிலும் உள்ளது. வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் மல்லிக்கு ஏற்றது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணிலும், அடித்துளை அடைபட்ட தொட்டியிலும் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கி வேரை அழுகச்செய்கிறது. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணிலும், உப்பும் கடினத்தன்மையும் கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை ஈர்க்க இயலாமல் போகிறது. அப்போது இளம் இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்க, நரம்பிடைப் பரப்பு வெளிர் மஞ்சளாகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், கரைத்து இலையில் தெளிப்பதும், தொழுவுரத்தை மிகுதியாக இடுவதும் இதற்குத் தீர்வாகும். இந்த மஞ்சளை நீர்க்குறைவு என்று கருதி மேலும் நீர் ஊற்றுவது வேரை மேலும் நலியச்செய்யும்.

பூச்சிகளுள் மூன்று முதன்மையானவை. மொட்டுப்புழு பச்சை நிறமுடையது. மொட்டைத் துளைத்து உள்ளே நுழைந்து இதழ்களைத் தின்பதோடு, அடுத்தடுத்த மொட்டுகளை நூலால் பிணைத்துக் கொத்தாக்கிவிடுகிறது. மொட்டு ஈயின் நுண்புழு மொட்டுக்குள்ளேயே வளர்வதால், வெண்மையாக இருக்கவேண்டிய மொட்டு ஊதா நிறமேறிச் சிறுத்து உதிர்கிறது. அந்தப் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால், உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும் செடியடி மண்ணைக் கிளறிவிடுவதும் நல்ல பயன் தரும். செஞ்சிலந்திப்பேன் வறண்ட கோடையில் இலையின் அடிப்பரப்பில் சாறுறிஞ்ச, மேற்பரப்பில் வெளிர்புள்ளிகள் தோன்றுகின்றன. இலையடியில் நீரைப் பீய்ச்சி அடித்தால் அதன் எண்ணிக்கை குறையும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்த சாறு, வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற தெளிப்பாகும்.

மல்லி ஓயும் மாதங்களை நிரப்ப வேறு பூக்கள் உள்ளன. பிச்சி எனப்படும் சாதிமல்லி மழைக்காலத்திலும் பூக்கும். டிசம்பர் பூ மார்கழிக்கு வரும். செவ்வந்தி, பகல் குறுகி இரவு நீளும்போது மட்டுமே அரும்பு கட்டும் குறும்பகல் செடி. எனவே இரவெல்லாம் மாடி விளக்கோ தெருவிளக்கோ படும் தொட்டியில் அது பூக்கத் தாமதிக்கும்.

மல்லிச் செடி வீட்டுக்கு வீடு கைமாறுவது பெரும்பாலும் பதியமாகவே. தரையோடு தாழ்ந்த கிளையில் சிறு கீறல் இட்டு மண்ணில் புதைத்தால் மூன்று நான்கு மாதங்களில் வேர்விட்டுப் பிரித்தெடுக்கலாம். ஆனால் நூற்புழு முதலிய மண்வாழ் உயிரிகளும் பதியத்தின் வேர்மண்ணோடு அடுத்த வீட்டுக்குச் செல்லக்கூடும் என்பதால், நலமான தாய்ச்செடியிலிருந்து மட்டும் பதியம் எடுத்து, புதுச்செடியைச் சில வாரங்கள் மற்றவற்றிலிருந்து தள்ளிவைத்துக் கவனிக்கவேண்டும். மல்லி வளர்ப்போர் பதியத்தைக் கொடுக்கும்போது, நவம்பர் இறுதியில் கத்தரிக்கோலை எடுக்கத் தயங்கவேண்டாம் என்ற அறிவுரையையும் சேர்த்தே கொடுப்பது நல்லது.