வேதநாயகரின் நடுவர் பணியும் சமய வாழ்வும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) இயற்றிய நூல்களைச் சமய நூல்கள், பொது நூல்கள் என இருகூறாகப் பகுத்துக் காண்பது வழக்கம். திருவருள் மாலை, தேவமாதா அந்தாதி முதலியன முன்னதன்பாற்படும். நீதிநூல், பிரதாப முதலியார் சரித்திரம் முதலியன பின்னதன்பாற்படும். இப்பகுப்புப் பயில்வார்க்கு எளிமை தருவதே. எனினும், பொது நூல்களில் அவர்தம் கிறித்தவப் பற்று மங்கிவிட்டது என்னும் முடிபுக்கும் அது வழிகோலுகின்றது. அம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றிய வேதநாயகர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து, 1872இல் ஓய்வு பெற்றார். அவர்முன் வழக்குக் கொண்டு வந்தோர் பல சமயத்தினர். நடுவர் இருக்கையிலிருந்து ஒருவர் தம் சமயத்தைப் பரப்ப முற்படின், அவர்தம் தீர்ப்பே ஐயத்திற்கு உள்ளாகும். ஆகவே, அங்குச் சமயம் சொல்லாக வாராது, ஒழுக்கமாகவே வெளிப்படல் வேண்டும்.

அவ்வொழுக்கத்தின் முதற்கூறு கைக்கூலி மறுத்தல். அவர் முன்சீப்பாக இருந்த காலத்தில், 1859இல், நீதிநூல் வெளிவந்தது. தெய்வம் உண்டென நிறுவித் தொடங்கும் அந்நூல், கைக்கூலிக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. திருக்குறளில் நடுவுநிலைமைக்கு அதிகாரம் உண்டு. கைக்கூலிக்குத் தனி அதிகாரம் இல்லை. விவிலியத்தின் உபாகமம் 16ஆம் அதிகாரமோ, நீதி வழங்குவோரைக் குறித்தே கைக்கூலியை விலக்குகின்றது. குறளின் அதிகார முறையும் மறைநூலின் கண்டிப்பும் நீதிநூலில் ஒருங்கு இயைந்தன எனலாம்.

இரண்டாம் கூறு, எளியோர்க்குச் சட்டத்தை எட்டச் செய்தல். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் அவர் தமிழில் தந்தார். தமிழர் வழக்கைத் தமிழரே ஆங்கிலத்தில் வாதிடும் முறையைப் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) கண்டித்தார். தன்னைப் பற்றிய தீர்ப்பையே உணரமாட்டாத ஏழையின் நிலை அவர் கண்முன் நாளும் நின்றது. பிறரன்பு என்னும் அறம் அங்கு மொழிபெயர்ப்புப் பணியாக உருக்கொண்டது.

மூன்றாம் கூறு, சமயப் பொறை. 1878இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எச்சமயத்தாரும் பாடத்தக்கது. இதனை நம்பிக்கையின் தளர்ச்சி என்பாரும் உளர். ஆயின், தேவமாதா அந்தாதி பாடியவரும் இவரே. தம் வழிபாட்டில் உறுதியும் பொதுவிடத்தில் நடுவுநிலையும் அவரிடத்து முரணாது நின்றன.

இதற்கு அக்காலச் சான்றோரின் நன்மதிப்பே சான்று. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்துக் கோவை’ பாடினார். வேதநாயகர் ஓய்வுபெற்ற பின்னர், 1876-78 பஞ்சத்தில் பசித்தோர்க்கு ஆற்றிய உதவியைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையால் போற்றினார். பதவி நீங்கிய பின்னும் தொண்டு நீங்காமையின், அது பதவியின் கடமையளவில் நின்றதன்று என்பது தெளிவு.

எனவே, வேதநாயகரின் பொது நூல்களைச் சமயம் கலவாதன என ஒதுக்குதல் பொருந்தாது. கிறிஸ்துவின் பெயர் வாராத இடத்தும் அவர்தம் நம்பிக்கை தொழிற்பட்டது. இருவகை நூல்களையும் அவர் வகித்த பதவியோடு சேர்த்துப் பயிலுங்கால் இவ்வுண்மை புலனாகும்.