பானெட் சரியாக உட்காரவேண்டும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கார்கள் காத்து நிற்கையில், டிங்கர் வேலை பார்க்கும் என் கண் பானெட் இடுக்குக்குத்தான் போகும். ஒருபக்கம் நெருக்கம், மறுபக்கம் அகலம் என்றால் பெரும்பாலும் கீல்தான் நகர்ந்திருக்கும். 2014இல் தயாரிப்பு நின்ற அம்பாசிடரோ இன்றைய மாருதியோ, பொறுமை ஒன்றுதான். முதலில் கீலைச் சுற்றிப் பென்சில் கோடு போடுங்கள். பழைய இடம் தெரியும். போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தினால் போதும். துளை அகலமாக இருப்பதால் மில்லிமீட்டர் கணக்கில் நகரும். மறுபக்கம் ஒருவர் பிடிக்கட்டும். பின்பக்க உயரம் கீலில், முன்பக்கம் ரப்பர் புஷ்ஷில். லாக்கைக் கடைசியில்தான் தொடவேண்டும். அதை முதலில் திருகித்தான் பலர் கெடுக்கிறார்கள். ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறதா? அப்படியானால் லாக் சரியாகப் பிடிக்கவில்லை. ஓட்டத்தில் பானெட் திறந்தால் எதிரே சாலையே தெரியாது. சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.