"என்னைச் சேர்க்க மாட்டாங்களாம்": பாடசாலையில் தனித்துப்போகும் சின்னப் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்?

சில வருடங்களுக்கு முன்னர் எனது தரம் 2 வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். காலையில் நல்லபடியாக வருவாள். வாசிப்பாள், எழுதுவாள், கணக்கிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடைவேளை மணி அடிக்கச் சற்று முன்னர் எனது மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். "டீச்சர், வயிறு நோகுது." வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படித்தான். நானும் சுடுதண்ணீர் கொடுத்துப் பின்வாங்கில் படுக்க வைப்பேன். உம்மாவிடம் சொன்னேன். அவர் பூச்சி மருந்து கொடுத்தார், டொக்டரிடமும் காட்டினார். நோய் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் இடைவேளையில் கொப்பி திருத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலால் வெளியே பார்த்தேன். அன்று அவள் வயிற்றுநோவு என்று வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியுடன் மரத்தடிக்குப் போனாள். அங்கே ஐந்தாறு பிள்ளைகள் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். யாரும் விரட்டவில்லை, ஆனால் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து பார்த்தாள். மீண்டும் போய்க் கை கழுவினாள். மணி அடிக்கும்வரை இதுதான் நடந்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை எனது வகுப்பில் இருந்தாள். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து நல்ல புள்ளி எடுத்தவள் நான். அப்படியிருந்தும் என் கண்ணுக்கு முன்னால் நடந்ததை நான் காணவில்லை. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதையே பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

இது சின்ன விடயமா?

பிள்ளை வீட்டுக்கு வந்து, "உம்மா, என்ன அவங்க சேக்க மாட்டாங்களாம்" என்று சொன்னால் நாம் வழமையாக என்ன சொல்வோம்? "அவங்க சேராட்டி போகட்டும், நீ உன்ட படிப்பப் பாரு." அல்லது, "நாளைக்கு எல்லாம் சரியாயிடும்." அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்குக் கேட்பது வேறு. 'இது சொல்லக்கூடிய விடயம் இல்லை' என்றுதான் அது விளங்கிக்கொள்கிறது.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நயோமி ஐசன்பேகரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் பந்து எறியும் விளையாட்டு ஒன்றில் ஒருவரைச் சேர்த்துவிட்டு, சற்று நேரத்தில் அவருக்குப் பந்து வராமல் செய்தார்கள். அந்த நேரத்தில் அவரது மூளையைப் படம் பிடித்தபோது, உடல் வலியின்போது இயங்கும் ஒரு பகுதி அப்போதும் இயங்கியது. இதில் கலந்துகொண்டவர்கள் வளர்ந்தவர்கள். விளையாட்டும் முன்பின் தெரியாதவர்களுடன் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், தினமும் காணும் வகுப்புப் பிள்ளைகள் சேர்க்காதபோது ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

சின்னப் பிள்ளைக்கு 'நான் ஒதுக்கப்படுகிறேன்' என்று சொல்லத் தெரியாது. அதன் உடம்பும் நடத்தையும்தான் சொல்லும். காலையில் வயிற்றுநோவு, தலைநோவு வரும், வெள்ளிக்கிழமை பின்னேரம் அது மறைந்துவிடும். சாப்பாடு அப்படியே திரும்பி வரும். நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கும். தம்பி தங்கச்சிக்குக் காரணமில்லாமல் அடிக்கும். திடீரென்று விலையான பென்சில் பெட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கும். அந்தப் பெட்டி இருந்தால் நாலு பேர் பக்கத்தில் வருவார்கள் என்று பிள்ளை கணக்குப் போட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் முடிவுக்கு வரத் தேவையில்லை. உடல் நோய் இருக்கிறதா என்று முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இடைவேளையைப் பற்றி யோசியுங்கள்.

ஏன் தனித்துப்போகிறார்கள்?

என் அனுபவத்தில் மூன்று காரணங்களைக் காண்கிறேன். எது என்று தெரியாமல் உதவி செய்யப் போனால் பிழைத்துவிடும்.

முதலாவது, யாரும் வேண்டுமென்று செய்யாதது. ஒரே வேனில் வருபவர்கள், ஒரே மத்ரஸாவில் ஓதுபவர்கள், சாச்சி பெரியம்மா பிள்ளைகள் ஏற்கனவே ஒரு கூட்டமாக இருப்பார்கள். வாப்பாவின் இடமாற்றத்தால் புதிதாக வந்த பிள்ளைக்கு அதில் இடம் இருக்காது. சிங்கள மொழிமூலம் படிக்கும் எமது பிள்ளைகளிலும் இதைக் காணலாம். பாடம் விளங்கும், ஆனால் மைதானத்தில் வேகமாகப் பேசும் விளையாட்டுப் பேச்சு விளங்காது. அந்தப் பிள்ளைக்கு டியூஷனைவிட முதலில் தேவை, 'இப்ப என்ட முறை', 'எனக்கும் போடு' போன்ற பத்துச் சொற்கள்தான்.

இரண்டாவது, விளையாட்டுக்குள் நுழையத் தெரியாதது. சில பிள்ளைகள் ஓடிப்போய்ப் பந்தைப் பறிப்பார்கள், சட்டத்தை மாற்றச் சொல்வார்கள், தோற்றால் அழுவார்கள். சில பிள்ளைகள் வாய் திறக்காமல் ஓரத்தில் நிற்பார்கள். இருவரும் கடைசியில் தனியாகத்தான் நிற்கிறார்கள். இது குணக்கேடு இல்லை, பழக்கினால் வரும்.

மூன்றாவது, வேண்டுமென்றே ஒதுக்குவது. "அவளோட சேராதீங்க" என்று ஒரு பிள்ளை சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். நிறம், திக்குவாய், பழைய சப்பாத்து, வீட்டு நிலைமை எல்லாம் பட்டப்பெயராகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னொரு குடும்பத்தின் நிலைமை எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டதைத்தான் அது வகுப்புக்குக் கொண்டு வருகிறது. இதை நாம் கொஞ்சம் வெட்கத்துடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் கேளுங்கள்

அபூ உமைர் என்ற சிறுவனின் குருவி இறந்துபோனபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே விசாரித்தார்கள் என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு குருவிதானே என்று அவர்கள் கடந்துபோகவில்லை. பிள்ளையின் கவலையைப் பிள்ளையின் அளவில் வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எதிரில் இருத்தி விசாரணை செய்தால் பிள்ளை பேசாது. தலை வாரும்போது, குளிப்பாட்டும்போது, மோட்டார் சைக்கிளில் வரும்போது பேசும். "இண்டைக்கு யாரு உன்னச் சேக்கல்ல?" என்று தினமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிள்ளை நாள் முழுக்க அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். "யாருக்குப் பக்கத்துல இருந்து சாப்பிட்ட? என்ன விளையாடினீங்க?" என்று கேளுங்கள். தனியாக இருந்தேன் என்று சொன்னால், "அப்படி இருக்கிறது கவலையாத்தான் இருக்கும் மகள்" என்று மட்டும் சொல்லிச் சற்று நேரம் அமைதியாக இருங்கள். மிச்சத்தை அது தானாகச் சொல்லும்.

வீட்டில் பழக்குங்கள்

"நானும் வரட்டா?" என்று கேட்டால், "இல்ல, ஆள் சரி" என்று பதில் வருவது மிக இலேசு. அதனால் கேள்வி கேட்காமல் நுழையும் வழியைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். முதலில் பக்கத்தில் நின்று என்ன விளையாட்டு என்று பார்க்கட்டும். பிறகு அந்த விளையாட்டுக்கு உதவும் ஒன்றைச் செய்யட்டும். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கலாம். "நான் பொலிஸா வாறேன்" என்று குறைவாக இருக்கும் பக்கத்தில் சேரலாம். கடை விளையாட்டு என்றால் இலைகளைப் பொறுக்கிக்கொண்டு போய், "நான் சாமான் வாங்க வந்தேன்" என்று சொல்லலாம். நானாவையும் ராத்தாவையும் சேர்த்து வீட்டில் இதை நடித்துப் பாருங்கள். ஒரு முறை உம்மா சேர்க்காமல் விடும் பிள்ளையாக நடிக்கட்டும். இல்லை என்றால் அழாமல் அடுத்த கூட்டத்துக்குப் போவதும் பழக வேண்டியதுதான். தோற்பதையும் பழக்குங்கள். வீட்டில் கெரம் விளையாடும்போது எப்போதும் பிள்ளையை வெல்லவிட்டால், பாடசாலையில் முதல் தோல்வியிலேயே விளையாட்டு முடிந்துவிடும்.

ஒரு கூட்டாளி போதும்

வகுப்பில் முப்பத்தைந்து பேரும் நேசமாக இருக்கத் தேவையில்லை. ஒரு கூட்டாளி இருந்தால் பிள்ளை இடைவேளையைத் தாங்கிக்கொள்ளும். என் பிள்ளை யாருடன் ஒத்துப்போகிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அந்த ஒரு பிள்ளையை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு மணித்தியாலம் போதும், சண்டை வரும் முன்னர் முடித்துவிடுங்கள். விருந்து தேவையில்லை, பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும். கையில் ஃபோனைக் கொடுக்காமல் களிமண், கயிறு, வரையும் தாள் என்று ஏதாவது கொடுங்கள். வாப்பா வெளிநாட்டில், உம்மா தனியாக இருக்கும் வீடுகளில் ஆட்களைக் கூப்பிடத் தயங்குவார்கள். மத்ரஸா விட்டு வரும் வழியில் இருவரும் சேர்ந்து நடந்து வந்தாலும் போதும்.

செய்யக்கூடாதவை

பாடசாலை வாசலில் மற்றப் பிள்ளையைப் பிடித்து ஏசாதீர்கள். சொக்லேட் கொடுத்துக் கூட்டாளி பிடிக்கச் சொல்லாதீர்கள், சொக்லேட் முடிந்தவுடன் கூட்டாளியும் போய்விடுவார். முக்கியமாக, வகுப்பு வட்ஸ்அப் குழுமத்தில் குரல் பதிவு போடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் உம்மா கோபத்தில் அப்படிப் போட்டார். மற்ற உம்மாமார் அன்றிரவே, "நமக்கு ஏன் வம்பு, அவளோட சேராத" என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதுவரை மூன்று பேர் சேராமல் இருந்த பிள்ளைக்கு, மறுநாள் முழு வகுப்பும் சேரவில்லை.

ஆசிரியரிடம் போங்கள், ஆனால் முறைப்பாடாக அல்ல, தகவலோடு போங்கள். "என் மகள் இரண்டு கிழமையாக இடைவேளையில் சாப்பிடுவதில்லை, ஒரு நாலைந்து நாள் கவனித்துச் சொல்வீர்களா?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் தட்டமாட்டார்.

அடி, பயமுறுத்தல், பொருள் பறித்தல், தொடர்ந்து பட்டப்பெயர் சொல்லி அழவைத்தல் என்று போனால் அது வேறு கட்டம். அங்கே பிள்ளையைப் பழக்குவது தீர்வாகாது. திகதி போட்டு எழுதி வையுங்கள். வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் என்று முறையாகப் போங்கள். தீராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

விவியன் பேலி என்ற அமெரிக்க ஆசிரியை சிக்காகோவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். விளையாட்டில் யாரையும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லக்கூடாது என்பதைத் தனது வகுப்பில் ஒரு சட்டமாகவே வைத்தார். அதைப் பற்றி 1992இல் ஒரு புத்தகமும் எழுதினார். உடனே சட்டம் போடாமல் பல நாட்கள் பிள்ளைகளுடனும் மேல்வகுப்பு மாணவர்களுடனும் அதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் கொண்டு வந்தார். எனக்கு இதில் பிடித்தது ஒன்று. 'நீ போய்ச் சேர்ந்துகொள்' என்று தனித்து நிற்கும் பிள்ளையின் தலையில் மட்டும் பாரத்தைப் போடாமல், இடம் கொடுக்கும் கடமையை முழு வகுப்புக்கும் அவர் கொடுத்தார்.

நானும் செய்து பார்த்தேன். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அந்தப் பிள்ளைக்கும் சாந்தமான இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தேன். இருக்கும் இடத்தை மாற்றினேன். வாரத்தில் இரண்டு நாள் கொப்பிகளை மூடிவைத்துவிட்டு இடைவேளையில் மரத்தடிக்குப் போனேன். எல்லாம் அதிசயமாக மாறியது என்று சொல்ல மாட்டேன். மரத்தடி வட்டத்தில் அவளுக்குக் கடைசிவரை நிரந்தர இடம் கிடைக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றிய இருவரும் பிறகு சேர்ந்து சாப்பிட்டார்கள். தவணை முடியும்போது வயிற்றுநோவு நின்றிருந்தது.

மற்றப் பக்கம்

இவ்வளவு நேரமும் ஒதுக்கப்படும் பிள்ளையின் பெற்றோருக்காக எழுதினேன். ஆனால் ஒரு பிள்ளை ஒதுக்கப்படும்போது, இடம் கொடுக்காத பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களில் அவர்கள்தான் அதிகமாக இருக்கக்கூடும். வகுப்பில் பாதிப் பேரைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டுவிட்டு, முழு வகுப்பும் பார்க்கும் குழுமத்தில் படம் போடுகிறோம். கூப்பிடப்படாத பிள்ளை உம்மாவின் ஃபோனில் அதைப் பார்க்கிறது.

மூவர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேச வேண்டாம், அது அவரைக் கவலைப்படுத்தும் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் இது. வளர்ந்தவர்களின் ஒரு நிமிடப் பேச்சிலேயே மூன்றாமவரின் மனதைப் பார்க்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது.

ஆகவே நாளை பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும், எத்தனை புள்ளி என்று கேட்க முன்னர் இதையும் ஒரு தடவை கேளுங்கள்: "இண்டைக்கு இடைவேளையில யாராவது தனிய இருந்தாங்களா? நீ என்ன செய்த?" ஒவ்வொரு வீட்டிலும் கிழமைக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டால், குழாயடியில் திரும்பத் திரும்பக் கை கழுவும் பிள்ளைக்கு இன்ஷா அல்லாஹ் யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.